ஆட்டோ ரிப்ளை சொன்ன விலைக்கு நான் பொறுப்பா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். வயது 31. குழந்தை பிறந்தபின் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடியே ஆறு பேரின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பேஜ்களைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு பேஜுக்கு மாதம் 6,000 ரூபாய். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக நுழைந்து அல்லாடாமல் இருக்க, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இணைக்கும் ஒரு டூலுக்கு மாதச் சந்தா கட்டுகிறார்.

அந்த டூலில் சில மாதங்களுக்கு முன் புதிய வசதிகள் வந்தன. எல்லாப் பேஜ்களின் மெசேஜும் ஒரே இன்பாக்ஸில் வந்து விழும். பேஜின் பழைய பதிவுகளைப் படித்து ஏஐ தானாகவே பதில் அனுப்பும். நன்றாகப் போன பழைய பதிவை டூலே மறுபடி போடும். பதிவு வெளியாகுமுன் கடைக்காரரிடம் ஒப்புதல் கேட்கும். ஒருநாள் இரவு 11 மணிக்கு, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, வாசகி இந்த ஆட்டோ ரிப்ளையை ஆறு பேஜ்களுக்கும் ஒரே கிளிக்கில் ஆன் செய்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம் ஜவுளிக்கடை பேஜில் விலை கேட்டவர்களுக்கு டூல் இப்படிப் பதில் போட்டது: "எல்லா காட்டன் சேலைக்கும் 50% தள்ளுபடி உண்டு. 1,850 ரூபாய் சேலை 925 ரூபாய் மட்டுமே. கடை எண்ணுக்குப் பணம் அனுப்பி ஸ்கிரீன்ஷாட் போடுங்கள்." அது ஆடித் தள்ளுபடிக்கு எழுதிய வாசகம். ஆடி முடிந்தும் அந்தப் பதிவு பேஜிலேயே கிடந்தது. இரண்டு நாளில் 9 பேர் பணம் அனுப்பினார்கள். முதலாளி 5 பேருக்குச் சேலையைக் கொடுத்துவிட்டார், 4 பேருக்குப் பணத்தைத் திருப்பினார். அந்த நால்வரில் ஒரு பெண்மணி கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன் என்கிறார். முதலாளியோ வாசகிக்குத் தரவேண்டிய மூன்று மாதப் பணம் 18,000 ரூபாயை நிறுத்திவிட்டு, கடை பெயர் கெட்டதற்கு இன்னும் 40,000 ரூபாய் கொடு என்கிறார்.

வாசகி கேட்பவை இவை. தப்பு செய்தது டூல்தானே, நான் ஏன் கட்ட வேண்டும்? பேஜை என் ஐடியில் ஆரம்பித்தேன், அட்மின் நான்தான், பணம் வரும்வரை முதலாளியை வெளியே எடுத்துவிடலாம் என்கிறார் கணவர், செய்யலாமா? என் க்ளையன்ட்களில் ஒரு பல் மருத்துவமனையும் உண்டு, நோயாளிகள் எக்ஸ்ரே படமெல்லாம் மெசேஜில் அனுப்புகிறார்கள், டூலின் விதிமுறைக்கு 'அக்ரீ' கொடுத்துவிட்டதால் அதில் சிக்கல் இல்லைதானே? மற்ற ஐந்து பேரிடம் இதைச் சொன்னால் வேலை போய்விடுமா?

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பயமும் கோபமும் சேர்ந்து எழுதியிருக்கிறீர்கள். முதலில் பயத்துக்கு ஒரு பதில்: 40,000 ரூபாய் நீங்கள் கட்டவேண்டி வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் "தப்பு டூலுடையது" என்ற வாதமும் நிற்காது. இரண்டையும் சொல்கிறேன்.

அந்தப் பதில் யாருடைய வாக்கு?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் பிரிவு 11 என்று ஒன்று இருக்கிறது. ஒரு மின்னணுப் பதிவை யார் அனுப்பியதாகக் கொள்வது என்பதைச் சொல்லும் பிரிவு. அவரே அனுப்பியிருந்தாலும், அவர் அதிகாரம் கொடுத்த ஆள் அனுப்பியிருந்தாலும், அவருக்காகத் தானாக இயங்கும்படி அமைத்த கணினி அனுப்பியிருந்தாலும், அது அவர் அனுப்பியதே. ஏஐ என்ற பேச்சே இங்கே பரவலாகாத காலத்தில் எழுதிய சட்டம், ஆனால் உங்கள் ஆட்டோ ரிப்ளைக்கு அப்படியே பொருந்துகிறது. வாடிக்கையாளர் கண்ணுக்கு, கடைப் பேஜிலிருந்து வந்த பதில் கடையின் பதில்தான். உள்ளே மனிதர் இருந்தாரா மென்பொருள் இருந்ததா என்று பார்க்கும் கடமை அவருக்கு இல்லை.

கனடாவில் இதுபோல ஒரு வழக்கு நடந்து 2024 பிப்ரவரியில் தீர்ப்பானது. குடும்பத்தில் மரணம் நேர்ந்த ஒரு பயணிக்கு, ஏர் கனடாவின் இணையதள சாட்பாட் சலுகைக் கட்டணத்தைப் பற்றித் தவறான தகவல் கொடுத்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. தளத்தில் இருக்கும் எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, சுமார் 812 கனடிய டாலர் கொடுக்க வைத்தது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பிரிவு 11 கையில் இருக்கும்போது இங்கே வேறு முடிவு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆகவே வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியது கடை. விலை மட்டும் கேட்டுவிட்டுப் போனவர்களுக்குக் கடை எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. விலை சொல்லி, பணம் அனுப்பச் சொல்லி, பணமும் வந்து சேர்ந்தபின் கதை வேறு. அங்கே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது. அந்தப் பெண்மணி சும்மா மிரட்டுகிறார் என்று இருந்துவிடாதீர்கள். முதலாளியிடம் பேசி, அந்த ஒரு சேலையை 925 ரூபாய்க்கே கொடுக்கச் சொல்லுங்கள். மீதி 925 ரூபாயை நான் ஏற்கிறேன் என்று நீங்களாகவே முன்வாருங்கள். ஒரு வழக்கு அத்தோடு தீரும்.

இனி கடைக்கும் உங்களுக்கும் உள்ள கணக்கு. முதலாளியிடம் கேட்காமல் அவர் கடை பெயரில் பேசும் ஒரு வசதியை ஆன் செய்தீர்கள். இது உங்கள் பக்கத்துத் தவறு, ஒப்புக்கொள்வதுதான் நல்லது. அதற்கு இழப்பீடு கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 73 உண்மையில் நேர்ந்த இழப்பைத்தான் தரச் சொல்கிறது, கோபத்தில் வாய்க்கு வந்த தொகையை அல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 சேலைகள், ஒன்றுக்கு 925 ரூபாய் குறைவு, மொத்தம் 4,625 ரூபாய். பணம் திருப்பிய நால்வருக்கும் பாதி விலையில் கொடுத்தாலும் இன்னொரு 3,700 சேர்ந்து 8,325 ரூபாய். அதுதான் உச்சம். அந்த ஒன்பது பேரும் முழு விலை கொடுத்து வாங்கியிருப்பார்கள் என்று யார் சொல்ல முடியும்? ஆக அதிலும் குறையும்.

இன்னொன்று. அதே பிரிவு, இழப்பைத் தடுக்க எதிர்த்தரப்புக்கு என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. கல்லாவில் இருக்கும் சவுண்ட் பாக்ஸ் "925 ரூபாய் பெறப்பட்டது" என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடையில் 925 ரூபாய்க்குச் சேலையே கிடையாது. முதல் தடவை கேட்டதுமே உங்களுக்கு ஒரு போன் போட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். பண்டிகைக் கூட்டத்தில் அவர் கவனிக்கவில்லை என்பது நியாயமான பதில்தான், இருந்தாலும் முழுப் பாரத்தையும் உங்கள் தலையில் வைக்க அது விடாது. பெயர் கெட்டதற்கு 40,000 என்றால், விற்பனை எவ்வளவு குறைந்தது, அது இதனால்தான் குறைந்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். தீபாவளி வாரத்தில் அதை நிரூபிப்பது லேசு அல்ல.

டூல் நிறுவனத்தின் மீது போகலாமா? இந்த மாதிரி டூல்களின் விதிமுறைகளைப் பிரித்துப் படித்தால் பெரும்பாலும் இரண்டு வரிகள் இருக்கும். ஏஐ தரும் பதில் தவறாக இருக்கலாம், சரிபார்ப்பது பயனரின் பொறுப்பு என்பது ஒன்று. எங்கள் பொறுப்பு நீங்கள் கட்டிய சந்தாத் தொகையைத் தாண்டாது என்பது இன்னொன்று. வழக்கு வேறு நாட்டில்தான் போட வேண்டும் என்றும் சிலவற்றில் இருக்கும். 8,000 ரூபாய்க்காக அந்தப் பாதையில் உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. நடந்ததை எழுதிப் புகார் கொடுங்கள், சந்தாவைத் திருப்பிக் கேளுங்கள், அத்தோடு விடுங்கள்.

பேஜைப் பூட்டிவிடலாமா?

வேண்டாம், சகோதரி. கணவர் உங்கள் மேலுள்ள அக்கறையில் சொல்லியிருப்பார். ஆனால் இப்போது வெறும் பணத் தகராறாக இருப்பதை, நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் வழக்காக மாற்றக்கூடிய ஒரே காரியம் இதுதான்.

தையல்காரர் கூலி வரும்வரை ரவிக்கையைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம், மெக்கானிக் வண்டியை நிறுத்திவைக்கலாம். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170 அந்த உரிமையைத் தருகிறது. அதை மனதில் வைத்துத்தான் பலரும் பேஜையும் பிடித்துவைக்கலாம் என்று நினைக்கிறார்கள். அந்தப் பிரிவு கையில் ஒப்படைத்த பொருளுக்கானது. கடையின் பெயரில், கடையின் வாடிக்கையாளர்களுக்காக நடக்கும் பேஜ் அந்தக் கணக்கில் வராது. உங்கள் ஐடியில் ஆரம்பித்தீர்கள் என்பதால் அது உங்கள் சொத்தாகிவிடாது. அதைவிட, அனுமதி உள்ள ஒருவரை உள்ளே வரவிடாமல் தடுப்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 43 தனியாகச் சொல்கிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு அதைச் செய்தால் பிரிவு 66-இன்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதலாளி சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுத்தால், நீங்கள் எந்த நோக்கத்தில் செய்தீர்கள் என்று விளக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

என்னிடம் வந்த ஒரு இளைஞர் இதைத்தான் செய்தார். 12,000 ரூபாய் பாக்கிக்காக ஒரு ஹோட்டல் பேஜின் பாஸ்வேர்டை மாற்றினார். அந்த 12,000 கடைசியில் வந்தது. அதற்குள் காவல் நிலையத்துக்கு ஏழு தடவை நடந்தார், கையிலிருந்த இரண்டு க்ளையன்ட்களை இழந்தார். அவர் அம்மா என் அலுவலக பெஞ்சில் புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்களுக்கு அது வேண்டாம்.

நான் சொல்வது இதற்கு நேர் எதிர். இன்றைக்கே முதலாளியின் ஐடியைச் சேர்த்து அவருக்கு முழுக் கட்டுப்பாட்டைக் கொடுங்கள். கொடுத்ததற்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அவர் எங்கே போனாலும், நீங்கள் நேர்மையாக நடந்துகொண்டீர்கள் என்பதற்கு அது சாட்சி.

அப்புறம், உங்கள் உழைப்பில் உங்களுக்கு உரிமையே இல்லை என்றும் நினைக்காதீர்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-இன்படி, நீங்கள் சம்பள ஊழியர் அல்லாமல் தனியாக வேலை எடுத்துச் செய்பவர் என்றால், நீங்கள் எழுதிய கேப்ஷனும் வரைந்த டிசைனும் முதலில் உங்களுடையவை. எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் கடைக்குப் போகும். கடைக்காரர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவும் வீடியோவும் மட்டும், வேறு பேச்சு இல்லாவிட்டால், அவருடையவை. உங்கள் டிசைன் டெம்ப்ளேட்டுகளை அடுத்த ஆளுக்குக் கொடுக்கமாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஏற்கெனவே போட்ட பதிவுகளை அழிக்க மட்டும் போகாதீர்கள்.

எக்ஸ்ரே படங்கள்

உண்மையைச் சொன்னால், சேலையைவிட இதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. நீங்கள் ஒரு வரியில் கேட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

'அக்ரீ' கொடுத்தது நீங்கள். பல்வலியோடு படம் அனுப்பிய நோயாளி கொடுக்கவில்லை. அவர் மருத்துவரை நம்பி அனுப்பினார். அது உங்கள் டூலின் இன்பாக்ஸுக்குள் போய், ஏஐ படிக்கும் இடத்தில் கிடக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, அநேகமாக மருத்துவருக்கும் தெரியாது. மருத்துவப் பதிவுகளையும் உடல்நிலைத் தகவலையும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விதிகளே எழுத்தில் சம்மதம் வாங்கிக் கையாள வேண்டிய தகவல் என்று வகைப்படுத்தியிருக்கின்றன. பெரிய கம்பெனிகளுக்குத்தான் அது என்று நினைக்க வேண்டாம். தனி உரிமையாளர் நடத்தும் தொழிலும் அதில் வரும். அதன்பின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு, அதாவது 2027 மே வாக்கில், முழுமையாக அமலுக்கு வரும்.

இந்தச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று படித்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டைவிட்டதற்கான உச்ச வரம்பு. எல்லாருக்கும் அந்தத் தொகை விழாது. அந்தக் கடமையும் தரவை எதற்குப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கும் மருத்துவமனையின் தலையில்தான் வருகிறது. அவர்கள் சார்பில் தரவைக் கையாளுபவர் நீங்கள். உங்களை அப்படி நியமிக்க மருத்துவமனை உங்களோடு முறையான ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும் என்கிறது சட்டம். உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இன்றே மருத்துவமனையின் இன்பாக்ஸை டூலிலிருந்து கழற்றுங்கள். பதிவு போடும் இணைப்பு மட்டும் இருக்கட்டும். டூலின் செட்டிங்ஸில், உங்கள் தரவை ஏஐ மேம்பாட்டுக்குப் பயன்படுத்தலாமா என்ற இடம் இருந்தால் அதை ஆஃப் செய்யுங்கள். ஏற்கெனவே உள்ளே போன மெசேஜ்களை நீக்கச் சொல்லி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பிறகு மருத்துவரை நேரில் பார்த்து நடந்ததைச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சொல்லும் விஷயம் அல்ல இது.

எந்த வசதியை வைத்துக்கொள்ளலாம்?

டூலையே தூக்கிப்போடச் சொல்லவில்லை. ஆறு பேரை ஒரு ஆள் பார்ப்பதென்றால் டூல் இல்லாமல் முடியாது. பதிவை முன்கூட்டியே ஷெட்யூல் செய்வதும் மாத ரிப்போர்ட் எடுப்பதும் தாராளமாகச் செய்யலாம். ஒப்புதல் கேட்கும் வசதியைத்தான் முதலில் ஆன் செய்திருக்க வேண்டும். கடைக்காரர் 'சரி' என்று தட்டிய பதிவுக்கு அவரே சாட்சி. ஆட்டோ ரிப்ளை வேண்டுமானால் கடை நேரம், முகவரி, "விலை விவரத்துக்கு இந்த எண்ணில் பேசுங்கள்" என்பதோடு நிறுத்துங்கள். விலை, இருப்பு, தள்ளுபடி, மருத்துவ விஷயம் எதையும் அது பேசக்கூடாது. பழைய பதிவை மறுபடி போடும் வசதியையும் நிறுத்துங்கள். ஆடித் தள்ளுபடிப் பதிவை தை மாதத்தில் அது போட்டுவிட்டால் மறுபடி இதே கதைதான். சலுகை முடிந்த அன்றே அந்தப் பதிவை மறைத்துவிடும் பழக்கம் வேண்டும்.

ஆறு பேரின் சாவியும் ஒரே டூலில் இருப்பதால் இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் குறியீட்டையும் கேட்பது) கட்டாயம். 2013 அக்டோபரில் பஃபர் என்ற இதேபோன்ற டூலுக்குள் ஹேக்கர்கள் புகுந்து, அதைப் பயன்படுத்தியவர்களின் கணக்குகளிலிருந்து எடைக்குறைப்பு விளம்பரங்களைப் போட்டுத் தள்ளினார்கள். கணக்கு வைத்திருந்தவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

மற்றவர்களிடம் சொன்னால் வேலை போய்விடுமா என்கிறீர்கள். ஒருவர் போகலாம். ஆனால் வேறு வாயிலிருந்து கேள்விப்பட்டால் ஐவரும் போவார்கள். ஈரோடு பெரிய ஊர் இல்லை, ஜவுளிக்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறவர்கள். இப்படி ஒரு மெசேஜ் போதும்: "அண்ணா, உங்கள் பேஜில் ஆட்டோ ரிப்ளை என்ற வசதியை உங்களிடம் கேட்காமல் ஆன் செய்திருந்தேன். இன்று நிறுத்திவிட்டேன். இதுவரை அது அனுப்பிய பதில்களை எடுத்து அனுப்பியிருக்கிறேன், ஒருமுறை பாருங்கள். இனி எந்தப் புது வசதியும் உங்கள் சம்மதம் எழுத்தில் வந்த பிறகுதான்." அவர் "சரிம்மா" என்று போட்டால் அதுவே உங்கள் கையில் இருக்கும் ஒப்பந்தம்.

அந்த 18,000 ரூபாய்

உண்மையான இழப்பைக் கழித்துக்கொண்டு மீதியைத் தாருங்கள் என்று நீங்களே எழுதிக் கேளுங்கள். ஒரு 5,000 ரூபாயை விட்டுக்கொடுத்து 13,000 வாங்கினால் நல்ல முடிவு என்பேன். வாய்ப் பேச்சு ஒப்பந்தமும் செல்லும், ஆனால் நிரூபிக்க உங்கள் வாட்ஸ்அப் உரையாடல்தான் ஆதாரம். ஒரு வரியையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். நீதிமன்றத்தில் அதைக் காட்ட, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 2023, பிரிவு 63-இன்படி ஒரு சான்றிதழ் வேண்டும், வழக்கறிஞர் தயார் செய்து தருவார். பாக்கியைக் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது, அதனால் பதற்றம் வேண்டாம்.

சிறு தொழில் செய்பவர்கள் அரசிடம் பதிந்துகொள்ளும் 'உத்யம்' பதிவு இலவசம், வீட்டிலிருந்தே செய்யலாம். பதிவுக்குப் பின் செய்யும் வேலைக்கு 45 நாளுக்குள் பணம் வராவிட்டால், சிறு குறு தொழில் சட்டம் 2006-இன்படி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி கேட்கலாம். இந்தப் பாக்கிக்கு அது உதவாது, அடுத்ததற்கு உதவும்.

வக்கீல் பீஸ் கட்ட முடியாது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். கட்ட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம். ஈரோடு நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். வழக்குப் போடும் முன்பே முதலாளியைக் கூப்பிட்டு லோக் அதாலத்தில் பேசி முடிக்க அவர்களால் முடியும். போகும்போது ஆதார் நகல், வாட்ஸ்அப் உரையாடலின் பிரிண்ட், இதுவரை மாதாமாதம் பணம் வந்த வங்கிக் கணக்கின் பக்கங்கள், முதலாளிக்குப் பேஜின் முழுக் கட்டுப்பாட்டைக் கொடுத்த அந்த ஸ்கிரீன்ஷாட், நான்கையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.